பாதமலைக்கு ஏறிய கணக்கு

எங்கள் லயத்து வாசலில் நின்றால் பாதமலை தெரியும். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பத்துக் காம்பரா லயத்தில் ஏழாவது காம்பரா எங்களுடையது. மற்ற மாதங்களில் ராத்திரியானால் அப்படி ஒரு மலை இருப்பதே தெரியாது, வானத்தோடு வானமாகக் கறுத்துக் கிடக்கும். சிங்களவர்கள் உந்துவப் போயா என்று சொல்லும் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் சீசன் தொடங்கும். அன்று ராத்திரி அடிவாரத்திலிருந்து உச்சிவரை விளக்கு எரியும். இருட்டுக்குள் ஒரு வெளிச்சக் கோடு வளைந்து வளைந்து ஏறி, நட்சத்திரம் எது விளக்கு எது என்று பிரிக்க முடியாத இடத்தில் போய் முடியும். அப்பாயி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சோறு போடுவாள். வைகாசி மாத வெசாக் வரைக்கும் தினமும் இது நடக்கும்.

எங்கள் ஆட்களுக்கு அது வெறும் பாதமலை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் சிவனொளிபாதமலை. சிங்களவர்களுக்கு ஸ்ரீபாத, சமனல கந்த. மஸ்கெலியா கடைவீதியில் இருந்த முஸ்லிம் கடைக்காரர்கள் பாவாதமலை என்பார்கள். சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபி கால் வைத்த இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. புத்தர் களனிக்கு வந்தபோது இங்கே பாதம் பதித்தார் என்கிறது மகாவம்சம். பின்னாளில் கோத்தகிரி நூலகத்தில் மணிமேகலை உரையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இலங்காதீவத்தின் அந்த மலைக்குச் சாத்தனார் ‘சமனொளி’ என்று பெயர் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். நூலகத்தில் வேறு யாரும் இல்லை. அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தேன். பௌத்தம் பேசிய ஒரு தமிழ்க் காப்பியத்தில் எங்கள் லயத்து வாசல் மலை இருந்திருக்கிறது! சிவனொளி என்று எழுதும்போதெல்லாம் அந்தப் பழைய பெயர் இரண்டெழுத்துத் தள்ளி நிற்பது இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது.

உயரத்தில் அது இலங்கையின் முதல் மலை இல்லை. நுவரெலியாப் பக்கத்துப் பிதுருதாலகால 2,524 மீட்டர். பாதமலை 2,243 மீட்டர்தான். ஆனால் பிதுருதாலகால மற்ற மலைகளோடு தோள் சேர்ந்து நிற்கிறது, பாதமலை தனியாக நிற்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் அதே கூம்பு.

தாத்தா அந்த மலைக்குச் சுமை தூக்கியவர். தோட்டத்துச் செக்ரோலில் வயதாகிவிட்டதென்று பேர் வெட்டிய பிறகு, சீசன் மாதங்களில் நல்லதண்ணிக்குப் போய்விடுவார். அடிவாரத்து ஊருக்குப் பெயரே நல்லதண்ணிதான். ஆங்கிலத் துரைமார் அங்கிருந்த தோட்டத்துக்கு டல்ஹௌசி என்று பெயர் வைத்தார்கள். சிங்களவர்கள் இன்றைக்கும் நல்லதன்னிய என்கிறார்கள். அங்கிருந்து உச்சி வரைக்கும் வழிநெடுகத் தேத்தண்ணிக் கடைகளும் மடங்களும். கடைக்கு மா, சீனி, தேங்காய், விறகு எல்லாம் ஆள் தலையில்தான் ஏற வேண்டும். மூட்டைக்குக் கீழே சும்மாடு, சும்மாட்டுக்குக் கீழே கம்பளி, கையில் ஒரு கொய்யாக் கம்பு. அந்தக் கம்பு ஊன்றிக்கொள்வதற்கு மட்டும் இல்லை. நடுவழியில் மூச்சு வாங்கும்போது மூட்டையின் அடியில் கம்பை முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே நின்றுகொள்வதற்கு. இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் தேட வேண்டுமே.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறையாக ஏறி வந்தோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். முதல் தடவை வருகிறவர் ஒரே அடி. ஊரில் யாராவது பாதமலைக்குப் போய் வந்தால் மற்றவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை அடிச்ச?” என்பதுதான். ஒரு ராத்திரி நான் தாத்தாவிடம் கேட்டேன். அவர் எத்தனையோ நூறு தடவை ஏறியவர், எண்ணி முடியாத ஒரு எண்ணைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ஏழு,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. சம்பளத்துக்கு ஏறியது கணக்கில் சேராது என்றார். சுமையோடு ஏறினால் அந்த மணிப்பக்கமே போக மாட்டாராம். கடையில் மூட்டையை இறக்கி, துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவாராம். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கும்பிடுவதற்கென்று ஏறியது மட்டுமே ஏழு. அதில் முதலாவது, துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வந்த தன் அப்பனோடு போனது.

எட்டாவது என்னோடு.

1972, மாசி மாதம். எனக்குப் பத்து வயது. அப்பாயி ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே கோதுமை மா மூட்டையின் தையலை உருவத் தொடங்கினாள். அந்தக் காலத்து மா மூட்டை துணியில் வரும், வாயை வெள்ளைப் பருத்தி நூலால் தைத்திருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழு நீளமும் ஒன்றாக வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் முடிச்சு விழும். ஸ்டோருக்குப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிய நாலைந்து மூட்டைகளின் நூலை முடிந்து, ஒரு குச்சியில் சுற்றி, ஒரு ஊசியும் கோத்து என் சட்டைப் பையில் வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. “தாத்தா சொல்லும்,” என்றாள். ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். கட்டுப் பிரிக்கும்போது ரொட்டி கல்லாகியிருந்தது, சம்பல் மட்டும் அப்படியே காரமாக இருந்தது.

சாயங்காலம் நடக்கத் தொடங்கினோம். மகர தோரணத்தைத் தாண்டியதும் சிங்களக் கூட்டங்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன. ஒவ்வொரு கூட்டத்தையும் ‘நடே’ என்கிறார்கள், முன்னால் போகிற பெரியவர் நடேகுரா. அவர் ஒரு அடி பாடுவார், பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பாட்டின் தாளம் படியின் தாளம்தான். பொருள் தெரியாமலே என் கால் அந்தத் தாளத்துக்கு ஏறியது.

ஓடை வந்தது. சீதகங்குல. எங்கள் ஆட்கள் சீதையம்மா குளித்த ஆறு என்பார்கள். சிங்களத்தில் சீத என்றால் குளிர். இரண்டும் சரிதான் என்று அந்தத் தண்ணீரில் இறங்கியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். தாத்தா என்னை முழுக்காட்டிவிட்டார். பல் கிட்டித்து நின்றபோது, வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு சிங்களக் கிழவி என்னை இழுத்துத் தன் துவாலையால் தலையைத் துவட்டினாள். “கோடுத?” என்று தாத்தாவிடம் கேட்டாள். முதல் தடவை ஏறுகிறவனுக்குக் கோடு என்று பெயர். தாத்தா தலையாட்டினார். “புத்தே,” என்று என்னைக் கூப்பிட்டு, ஒரு கித்துல் கருப்பட்டித் துண்டை என் வாயில் போட்டாள். மேலே போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரே சொல்: கருணாவாய். இறங்கி வருகிறவர்களும் ஏறிப் போகிறவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லும் சொல். கருணை உண்டாகட்டும்.

அந்த ராத்திரி முழுக்க எனக்கு அந்தச் சொல் கிடைத்தது. கொழும்பு டாக்டராக இருக்கலாம், இரத்தினபுரிப் பக்கத்துக் கமக்காரராக இருக்கலாம், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். தாத்தாவைப் பார்த்தும் சொன்னார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தாத்தா எந்த நாட்டுக்காரரும் இல்லை. அந்த நாட்டில் பிறந்த என் அப்பாவும் இல்லை. பிரஜை என்று சொல்லிக்கொள்ள வழியில்லாத ஒருவர், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில், படிக்குப் படி வாழ்த்தப்பட்டுக்கொண்டே ஏறினார்.

நூலின் சங்கதி மேலே போனதும் தெரிந்தது. இந்திகட்டுபான என்ற இடத்தில் புத்தர் கிழிந்த சீவரத்தைத் தைத்துக்கொள்ள உட்கார்ந்தாராம். ஏறுகிறவர்கள் அங்கே ஊசியைக் குத்தி வைத்து, நூல் தீரும்வரை பிரித்துக்கொண்டே போகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். புதருக்குப் புதர், கம்பிக்குக் கம்பி, ஆயிரக்கணக்கான வெள்ளை நூல்கள். ஒவ்வொன்றிலும் பனித்துளி முத்துமுத்தாகத் தொங்கியது. சில நூல் புதிது, சில நூல் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. என் குச்சியிலிருந்து மா மூட்டை நூல் அதற்குள் போய்ச் சேர்ந்தது. இரண்டு முடிச்சுகள் விரலில் நெருடிக்கொண்டு போனது வரைக்கும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதற்குப் பிறகு எது அப்பாயியின் நூல், எது மற்றவர்களின் நூல் என்று தெரியவில்லை.

மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1344இல் இந்த மலைக்கு ஏறினார். யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்துப் பக்கம் சந்தித்து, அவர் உதவியோடுதான் வந்தார். மன்னர் கூட அனுப்பியவர்களின் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்: வருடந்தோறும் பாதத்துக்குப் போய்வரும் 4 யோகிகள், 3 பிராமணர்கள், இன்னும் 10 பேர், உணவுச் சுமை தூக்க 15 பேர். பல பேர் அந்தப் பயணக் குறிப்பில் உச்சிக்குப் போடப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி வியந்து பேசுவார்கள். நான் அந்த 15 பேரிடமே நின்றுவிடுவேன். அதற்கும் முன்னால், 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு யாத்திரிகர்களின் சோற்றுக்காகக் கிலிமலே கிராமத்தையே எழுதிக் கொடுத்தார், அம்பகமுவக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. மன்னர் கொடுத்த கிராமத்தின் அரிசி மலைமேல் தானாக ஏறியிருக்காது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களாக யாரோ சும்மாடு கட்டியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் எத்தனை மணி அடித்தார்களோ.

உச்சியில் பாதத்தைப் பார்க்க வரிசை. உள்ளே ஒரு நொடிதான். கல்லில் நெற்றி பட்டது, பூவாசனை, பின்னாலிருந்து ஒரு கை மெல்ல நகர்த்தியது. வெளியே வந்ததும் தாத்தாவிடம் கேட்டேன்: “யாரு பாதம் தாத்தா? சிவனா, புத்தரா?”

“யாருதா இருந்தா என்னப்பா? வெறுங்காலு. எம்புட்டுப் பெரிய ஆளு, செருப்பு இல்லாம ஏறி வந்திருக்கு பாரு.”

அவர் வாழ்நாளில் செருப்பு போட்டதில்லை. அந்தப் பாதத்தைத் தனக்கு அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். சமயம் படித்தவர்கள் எழுதிய எத்தனையோ விளக்கங்களைப் பிறகு வாசித்தேன். எனக்கு இன்றும் தாத்தாவின் விளக்கம் போதும்.

விடியப் போகும் நேரத்தில் எல்லோரும் கிழக்குப் பக்கச் சுவரில் சாய்ந்தார்கள். சூரியனே பாதத்தை வணங்குகிறது என்று நம்பி அதற்கு இர சேவய என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாது, சாது என்று குரல் எழுந்தது. தாத்தா என்னைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “சூரியன நம்ம லயத்துலயே பாக்கலாம். இத இங்கதான் பாக்கணும்.”

மேற்கே, பஞ்சுப்பொதி போலக் கிடந்த மூடுபனியின்மேல், மலையின் நிழல் விழுந்திருந்தது. சுத்தமான முக்கோணம். நாங்கள் நின்ற உச்சி ஒழுங்கற்ற பாறை, கட்டடம், கூரை, கம்பம். ஆனால் நிழலுக்கு மட்டும் அளவெடுத்து வெட்டியதுபோல விளிம்பு. எத்தனையோ மைல் நீளத்துக்குக் காட்டின்மேலும் பள்ளத்தாக்கின்மேலும் படுத்திருந்தது. வெயில் ஏற ஏற நிழல் எங்களை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்து மலையடிக்குள் போய்விட்டது. அதற்குள் தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகுதான் மணிக்குப் போனோம். நான் ஒன்று. அவர் எட்டு. எட்டாவதை அடித்துவிட்டுக் கயிற்றைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார்.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் காம்பராவும் உண்டு. பஞ்சம் வந்து, ரேஷன் மாவும் குறைந்துபோன 1974இல் கடிதம் வந்தது. அட்டனில் கோச்சி ஏறினோம், தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அட்டன் ஸ்டேஷனில் கேட்ட ஒப்பாரியை நான் எழுத முயன்று பலமுறை விட்டிருக்கிறேன். இப்போதும் விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நீலகிரிக்கு வந்த முதல் குளிர்காலம். ஊட்டிக்கு ஏதோ தாளில் கையெழுத்துப் போடப் போகும் வழியில், தொட்டபெட்டாப் பக்கம் பஸ் நின்றது. சாலையோரத்தில் முறுக்கிய தண்டோடு ஒரு மரம், கிளை நுனியெல்லாம் குத்துக் குத்தாக இரத்தச் சிவப்புப் பூ. தாத்தா பஸ்ஸை விட்டு இறங்கி மரத்தடிக்குப் போய்த் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “மகாரத்மல்டா! நம்ம மலைப் பூவுடா,” என்றார். ரோடோடென்ட்ரான். இலங்கையின் உயர்ந்த மலைகளிலும் நீலகிரியின் உயர்ந்த மலைகளிலும் ஒரே இனம் பூக்கிறது என்பதைத் தாவரவியல் புத்தகத்தில் நான் படித்தது வெகுகாலம் கழித்து. தாத்தாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. கீழே உதிர்ந்திருந்ததில் ஒன்றை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். 1981இல் அவர் போகும்வரை, தை மாசியில் யாராவது ஊட்டிக்குப் போனால் அந்தப் பூவைக் கேட்பார்.

நான் மறுபடி போனது 2018 மார்ச்சில், ஒரு சுற்றுலாப் பயணியாக, இந்தியக் கடவுச்சீட்டோடு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. 1960களின் கடைசியில் பழைய மஸ்கெலியாப் பட்டணத்தை மூழ்கடித்துக் கட்டியது அது. வறண்ட மாதங்களில் பழைய கோயிலின் கல் வெளியே வரும். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாகவே அதைக் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். எங்கள் லயம் இருந்தது. வாசலும் மலையும் அப்படியே இருந்தன. காம்பராவில் எனக்குத் தெரியாதவர்கள் இருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறினேன். வழியில் ஜப்பானியத் துறவிகள் கட்டிய வெள்ளைத் தூபி, எங்கள் காலத்தில் இல்லாதது, இருட்டில் தனியாக வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றது. படியெல்லாம் சித்தாலேப்ப மணம். ஆளாளுக்கு முழங்காலில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர்கள் கையில் கைப்பேசியில் பாட்டு. அந்தச் சொல் இனி இருக்காதோ என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். இருந்தது. பேத்தியின் தோளைப் பிடித்து இறங்கி வந்த ஒரு மூதாட்டி நின்று, மூச்சு வாங்கி, சொல்லிவிட்டுத்தான் கடந்தாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நாலு படி ஏறிய பிறகு திரும்பி அவள் முதுகுக்குச் சொன்னேன்.

உச்சியில் அன்றைக்குச் சூரியன் தெரியவில்லை. மேற்கே போய் நின்றேன். மேகம் கம்பியைத் தாண்டி முகத்தில் வந்து மோதியது. ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி சுவரில் சிறகு நனைந்து ஒட்டியிருந்தது. பருவத்தின் பிற்பாதியில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இந்த மலையை நோக்கிப் பறக்கும், பாதத்தை வணங்கி இங்கேயே உயிர்விடும் என்பார்கள். சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி. விரலை நீட்டினேன், ஏறிக்கொண்டது. குளிரில் அதன் கால்கள் நடுங்கியது தெரிந்தது. கல் விளிம்பில் காற்றுப் படாத இடத்தில் விட்டேன்.

மணிக்கு வரிசை. கயிறு கைக்கு வந்தது. ஒன்று அடித்தேன், பத்து வயதுக்கு. இரண்டு அடித்தேன். தாத்தாவுக்காகவும் ஒன்பதாவதை அடித்துவிடலாமா என்று கை கயிற்றிலேயே நின்றது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் ஏறாத ஏற்றத்தை அவர் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை. சம்பளத்துக்கு ஏறிய நூற்றுக்கணக்கானவற்றையே தள்ளிவிட்டவர் அவர். கயிற்றை அடுத்தவரிடம் கொடுத்தேன்.

இறங்கும்போது இந்திகட்டுபானவுக்குக் கீழே, எதிரே ஒரு பையன் ஏறி வந்தான். இருபது வயது இருக்கும். தோளில் கேஸ் சிலிண்டர், தோளுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மடித்த சாக்கு, கையில் கம்பு. நான் ஓரத்தில் ஒதுங்கினேன். அவன் கம்பைச் சிலிண்டருக்கு முட்டுக்கொடுத்து, இறக்காமலே நின்று மூச்சு வாங்கினான்.

“கருணாவாய்,” என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டான், “எந்தத் தோட்டம் ஐயா?”

சொன்னேன். அவனுக்குத் தெரிந்த தோட்டம்தான், அவன் சித்தி அங்கே கொழுந்து எடுக்கிறாளாம். கம்பை உருவிக்கொண்டு சிலிண்டரை ஒரு உலுக்கு உலுக்கித் தோளில் சரிசெய்தான்.

“கீழ நாலாவது வளைவுல படி நனைஞ்சு கெடக்குது. பாத்து எறங்குங்க.”

ஏறிப் போய்விட்டான். நாலாவது வளைவில் படி நனைந்துதான் கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.